கத்திரி வெயிலில் காசில்லாமல் சென்னையைச் சுற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். இல்லையென்றால் வேலைக்காகப் புதிதாக வந்து மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ தங்கியிருக்கிறீர்கள், சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கிறது. ரெண்டு பேருக்கும் இது உதவும்.

சென்னையில் டிக்கெட் இல்லாத இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் "பீச்சுக்குத்தானே, என்ன செலவாகப் போகிறது" என்று கிளம்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்நூறு ரூபாயைத் தொலைத்துவிட்டுத் திரும்புவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்தக் காசு எந்த வாசலிலும் போனதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில், வெயிலில் நிற்கும்போது போனது. நா வறண்டதும் ஆளுக்கொரு இளநீர், பஸ் வரவில்லையே என்று ஆட்டோ, குழந்தை துவண்டதும் ஏசி ஓட்டல். அதனால் எங்கே போவது என்பதைவிட எதற்குப் பிறகு எது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு இந்த நாள் நிஜமாகவே பூஜ்யத்தில் முடியும். ஆண்களுக்குப் பஸ் காசு மட்டும் ஆகும்.

1. முதலில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஒரு பட்டியலோடு வருவார்கள்: காலையில் மெரினா, அப்புறம் கோயம்பேடு, மதியம் கிண்டி, சாயங்காலம் பெசன்ட் நகர். வரைபடத்தில் எல்லாம் பக்கம்தான். வெயிலில் அப்படி இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் போய்விடும், அந்த அரை மணிதான் பர்ஸைத் திறக்க வைக்கும்.

ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். நான் பரிந்துரைப்பது மூன்று.

மயிலாப்பூர், சாந்தோம், மெரினா, திருவல்லிக்கேணி: கோயிலும் கடலும் நடக்கும் தூரத்தில். வயதானவர்கள் கூட வந்தால் இதுதான் சரி.

கிண்டி, கோட்டூர்புரம், பெசன்ட் நகர்: குழந்தைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். மதியத்துக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

எழும்பூர், கிரீம்ஸ் ரோடு, நுங்கம்பாக்கம்: தனியாக இருப்பவர்களுக்கு. கன்னிமரா நூலகம், ஓவியக் கண்காட்சி, திரையிடல் என்று வெயிலே படாமல் ஒரு நாளை ஓட்டலாம்.

2. முந்தின நாள் ராத்திரி செய்ய வேண்டியவை

பை தயாராக இல்லாமல் கிளம்பினால் மற்ற எதுவும் உதவாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றிரண்டை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசரில் படுக்க வைத்தால் நண்பகல் வரை சில்லென்று இருக்கும். முழுக்க நிரப்பினால் பாட்டில் பிதுங்கிவிடும்.

குடை கட்டாயம். தொப்பியால் தலைக்கு மட்டும்தான் நிழல். ஒரு பழைய பெட்ஷீட் (மணலில் விரிக்க), ஒரு துண்டு, செருப்பு போட்டுவைக்க ஒரு துணிப்பை. கோயில் வாசலில் செருப்பு டோக்கனுக்கு ஆளுக்கு ஆள் காசு கொடுப்பதைத் தவிர்க்கத்தான் அந்தப் பை. செருப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிக் கையோடு வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு அடையாள அட்டையும் இருக்கட்டும்.

கடைசியாக, போகிற இடம் நாளைக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் பேர் ஏமாறும் இடம் அடையாறு ஆலமரம். பிரம்மஞான சபை வளாகத்துக்குள் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே பார்வையாளர்களை விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எல்லோரும் போவதோ ஞாயிற்றுக்கிழமை.

3. பஸ்ஸைச் சரியாகப் பிடியுங்கள்

மாநகரப் பேருந்துகளில் சாதாரண கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதேபோல்தான். டீலக்ஸ், ஏசி பஸ்களில் இது செல்லாது. முன்பக்கம் பிங்க் வண்ணம் அடித்த பஸ் என்றால் சந்தேகமே வேண்டாம். மற்றவற்றில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏறுவதற்கு முன் "லேடீஸ் ஃப்ரீயாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டால், அடுத்த ஸ்டாப் வரைக்காவது டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காராதீர்கள். கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்கி, இறங்கும் வரை வைத்திருக்க வேண்டும். செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

60 வயது தாண்டிய, சென்னையிலேயே வசிக்கும் பெரியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் கிடைக்கும். ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு அது கிடைக்காது. ஆண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கடற்கரையை ஒட்டிப் போகும் பறக்கும் ரயிலும் ஏறக்குறைய அதே செலவுதான். திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் எல்லாம் அதில் வரும். நடைமேடை உயரத்தில் இருப்பதால் ஸ்டேஷனில் காற்றும் வரும்.

பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனிலேயே பார்த்துவிட்டு நிழலிலிருந்து கிளம்புங்கள். சென்னை ஒன் செயலியில் அது தெரியும். ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு பார்ப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

4. விடியற்காலை 5 முதல் 9 வரை: வெளியே

மே மாதத்தில் சென்னையில் சூரியன் 5.45 வாக்கில் உதிக்கும். அதற்கு முன்பே மணலில் கால் வைத்துவிட வேண்டும். ஏழரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும், ஒன்பதுக்கு மேல் திறந்தவெளி நமக்கில்லை. "லீவு நாள்தானே, நிதானமாக எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்பவர்கள் அன்றைய நாளின் நல்ல பாதியைத் தூங்கிக் கழிக்கிறார்கள்.

உதயம் பார்க்க மெரினாவை விட பெசன்ட் நகரில் இருக்கும் எலியட்ஸ் பீச் எனக்குப் பிடிக்கும். சாலையிலிருந்து தண்ணீருக்கு நடக்கும் தூரம் குறைவு. மெரினாவில் மணலைக் கடப்பதற்குள்ளேயே சின்னப் பிள்ளைகள் களைத்துவிடுகின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் கூட இருந்தால் மெரினாவுக்குப் போகலாம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே அலை வரைக்கும் மரப்பாதை போட்டிருக்கிறார்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக நினைத்தால் ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வழக்கமான ஏலக் கூச்சலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டிய வேறொன்று அப்போதுதான் நடக்கிறது. படகுகளைப் பழுது பார்த்து வண்ணம் அடிப்பார்கள். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னும் ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கை போகும் வேகத்தை அரை மணி நேரம் சலிக்காமல் பார்க்கலாம். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லாததால் கொஞ்சம் மீனும் வரும். போட்டோ எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

கோயில் என்றால் இந்த நேரம்தான். பெரும்பாலான பெரிய கோயில்களில் நண்பகல் வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். அதைவிட முக்கியம் தரை. பத்து மணிக்கு மேல் பிராகாரக் கருங்கல்லில் கால் வைக்க முடியாது. தென்னைநார் விரிப்பு போட்டிருந்தாலும் அது போகாத மூலைகள் உண்டு, குழந்தைகள் சரியாக அங்கேதான் ஓடும்.

மாநகராட்சிப் பூங்காக்களுக்குக் கட்டணம் இல்லை. லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா, ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா இரண்டும் காலையில் உட்கார நல்ல இடங்கள். சில பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், அதனால் மதியத் தூக்கத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். செம்மொழிப் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் டிக்கெட் உண்டு.

5. காலை 10 முதல் மாலை 4 வரை: கூரைக்குள்

நாள் கெட்டுப்போவது இந்த ஆறு மணி நேரத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மால் பற்றி. உள்ளே போகக் காசு இல்லை, ஏசி இருக்கிறது, உண்மைதான். ஆனால் உட்கார இடம் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகளின் நடுவில்தான் இருக்கும். குழந்தையோடு அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காசு செலவழிக்காமல் எழுந்து வந்தவரை நான் பார்த்ததில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2010இல் திறந்தது. உள்ளே போய்ப் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பையை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். போன், பர்ஸ், கண்ணாடி, ஒரு நோட்டு ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். பை ஒப்படைத்த பிறகு "ஐயோ, கண்ணாடி உள்ளே இருக்கே" என்று திரும்ப வரிசையில் நிற்பவர்கள் தினமும் உண்டு.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, சொந்தப் புத்தகத்தோடு மாடிக்கு ஏறுவது. அதற்கு விடமாட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்று சொந்த நூல் படிக்கும் பிரிவு தனியாக இருக்கிறது. அங்கே இடம் சீக்கிரம் நிரம்பும், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

குழந்தைகள் பிரிவு முதல் தளத்தில். நடுவில் ஒரு செயற்கை மரம், சுற்றிலும் குட்டி நாற்காலிகள், எடுத்துப் புரட்டத் தடையில்லாத புத்தகங்கள். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் முதல் பத்து நிமிடம் ஓடத்தான் செய்வார்கள். நீங்களே ஒரு படக்கதையை எடுத்து மெல்லப் படிக்க ஆரம்பித்தால் வந்து ஒட்டிக்கொள்வார்கள். தமிழ் நூல்கள் இரண்டாம் தளம். ஊரிலிருந்து வந்த பெரியவரை அங்கே விட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்.

உள்ளே ஏசி நன்றாகவே குளிரும். வியர்த்த சட்டையோடு நேராகப் போய் உட்கார்ந்தால் தலைவலி வரும். அந்தத் துண்டு இதற்கும்தான், துடைத்துக்கொண்டு போங்கள்.

எழும்பூர் பக்கம் இருந்தால் பாந்தியன் சாலையில் கன்னிமரா நூலகம். பழைய பத்திரிகைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பெரிய இடம், குழந்தைகளுக்கு அவ்வளவு ஒத்துவராது. பக்கத்திலேயே உள்ள அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி கண்காட்சிக் கூடம் இருக்கிறது, நுழைவு இலவசம். சில நாள் ஓவியரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நீங்களாகப் போய் ஒரு கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பேசுவார், வாங்கத்தான் வேண்டுமோ என்று கூச்சப்பட வேண்டாம். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சு கலாசார மையம்), ரட்லண்ட் கேட் கதே நிலையம் (ஜெர்மன் கலாசார மையம்) இரண்டிலும் அவ்வப்போது இலவசத் திரையிடல்களும் கண்காட்சிகளும் நடக்கும். நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர் வழியில் போகிறவர்களுக்குச் சாந்தோம் தேவாலயம். தரைக்குக் கீழே உள்ள கல்லறைச் சிற்றாலயத்தில் மதியத்திலும் அமைதியாக உட்காரலாம். ஆனால் அது ஜெபிக்கும் இடம். தூங்கவோ சாப்பிடவோ அல்ல.

6. தண்ணீரும் சாப்பாடும்

கட்டுச்சோறு கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தயிர்சாதம் என்றால் தயிரைக் குறைத்துப் பாலை அதிகம் விட்டுப் பிசையுங்கள். காலையில் கட்டியது மதியத்துக்குள் புளிக்காமல் இருக்க அதுதான் வழி. தேங்காய்ச் சட்னி இந்த வெயிலில் வேண்டவே வேண்டாம். ஊறுகாய், இல்லாவிட்டால் மோர்மிளகாய் போதும். நூலக வாசிப்புத் தளங்களில் சாப்பிடக் கூடாது, அதனால் கீழே வந்து நிழலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறுங்கள்.

கட்டிக்கொண்டு வர முடியாதவர்களுக்கு: மயிலாப்பூர் கபாலீஸ்வரர் போன்ற பெரிய கோயில்களில் நண்பகலில் அன்னதானம் உண்டு. எண்ணிக்கைக்கு மேல் போடமாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே போய் டோக்கன் வாங்க வேண்டும், பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் கிடைக்காது. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவில் லங்கர் எனப்படும் பொதுச் சாப்பாடு யாருக்கும் உண்டு. தலையை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். முழு இலவசம் இல்லையென்றாலும் அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்.

கோடை வந்தால் கட்சிக்காரர்கள் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் திறப்பார்கள். திறப்பு விழா நாளில் தர்பூசணி, வெள்ளரி, நுங்கு எல்லாம் இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பானையும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும்தான் மிஞ்சும். மோர் கிடைத்தால் குடியுங்கள். பானைத் தண்ணீர் என்றால் யார், எப்போது நிரப்பினார்கள் என்று தெரியாதபோது முகம் கழுவிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மெரினா உள்ளிட்ட பல இடங்களில் குடிநீர் வாரியம் 2025இல் தானியங்கிக் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறது. பாட்டிலை அங்கே நிரப்பிக்கொள்ளலாம், காசு இல்லை.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். தலைசுற்றல், வியர்வை நின்று தோல் காய்ந்து சூடாவது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்தால் சுற்றுலா அத்தோடு முடிந்தது. ஆளை நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். சாதாரண அசதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் இலவசமாகத் தருவார்கள்.

7. மாலை: கடல்காற்று வந்த பிறகு

சென்னைக் கோடையில் எல்லாமே கடல்காற்றை வைத்துத்தான். பகலில் தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நல்ல நாளில் நண்பகலை ஒட்டியே கரைக்கு வந்துவிடும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும், சில நாள் வராமலே போகும். 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி தொட்டதே, அந்த மாதிரி நாட்களில் மேற்குக் காற்றின் கைதான் ஓங்கியிருக்கும்.

வெளியே கிளம்பும் முன் ஒரு தென்னை மட்டையையோ மொட்டைமாடியில் காயும் துணியையோ பாருங்கள். மேற்குப் பக்கம் சாய்ந்து ஆடினால் கடல்காற்று வந்தாயிற்று, கிளம்பலாம். கிழக்கே சாய்ந்தோ அசையாமலோ இருந்தால் நூலகத்திலேயே ஆறு மணி வரை இருந்துவிடுங்கள். காற்று கரையிலிருந்து உள்ளே போக நேரமாகும் என்பதால் அம்பத்தூர், ஆவடி பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டு நிலவரத்தை வைத்துக் கடற்கரையைக் கணக்குப் போட வேண்டாம்.

காற்று வந்தாலும் மணல் ஐந்து மணி வரை கொதிக்கும். ஐந்தரைக்குப் போய்ப் பெட்ஷீட்டை விரியுங்கள். கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். மெரினாவிலும் எலியட்ஸிலும் இழுப்பு அதிகம், குளிக்கத் தடை இருக்கிறது. போலீஸ்காரர் விசில் அடிப்பது உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க அல்ல.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இது கிழக்குக் கடற்கரை, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கு நடுவில் மறையும். அதற்குப் பதில் பௌர்ணமியன்று போங்கள். சூரியன் மறையும் வேளைக்கே நிலா கடலிலிருந்து பெரிதாக, செம்மஞ்சளாக எழும்பும். சித்ரா பௌர்ணமி கோடையில்தான் வருகிறது.

குழந்தைகளோடு போனால் செலவு இங்கேதான் காத்திருக்கிறது: பலூன், குதிரை, பஞ்சுமிட்டாய், பஜ்ஜி. மணலில் போய் மறுத்தால் அழுகைதான். வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, கையோடு சுண்டல் கொண்டு வாருங்கள். பட்டாணியை முந்தின ராத்திரி ஊறவைத்துக் காலையில் வேகவைத்து, மாங்காயும் தேங்காயும் தனியாக எடுத்துவந்து மணலில் உட்கார்ந்து கலந்தால் வாடாது, கெடாது. காற்றாடி விடும் யோசனை இருந்தால் மாஞ்சா நூல் வேண்டாம், அதற்குத் தடை இருக்கிறது, கழுத்தை அறுத்து உயிரையே எடுத்திருக்கிறது.

கடல் வேண்டாம் என்பவர்களுக்குக் கச்சேரி. மார்கழியில் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவன் போன்ற அரங்குகளில் வருஷம் முழுக்க "அனுமதி இலவசம்" என்று மாலைக் கச்சேரிகள் உண்டு. மார்கழிக் கூட்டம் இருக்காது, முன்வரிசையே கிடைக்கும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் சித்திரை பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில் மாட வீதியில் நின்றாலே புறப்பாடு பார்க்கலாம்.

8. குழந்தைகளோடு ஒரு நாள்: கிண்டி, பெசன்ட் நகர் வழி

5.30க்கு எலியட்ஸ் பீச். 7.30க்குள் மணலை விட்டு வெளியே வந்து, கையில் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி காந்தி மண்டபம். மரநிழல் நிறைய, கட்டணம் இல்லை. காமராஜர், ராஜாஜி நினைவிடங்களும் அங்கேயே. 9.30 வாக்கில் காந்தி மண்டபம் சாலையிலேயே நூலகத்துக்கு. பெரியவர்களுக்கு நடக்கும் தூரம்தான், குழந்தை இருந்தால் குடை பிடித்துக்கொண்டு மெல்ல. வழியில் பிர்லா கோளரங்கம் வரும், அதற்கு டிக்கெட் உண்டு, எனவே பேச்சை மாற்றிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

நாலரை வரை நூலகம். கிளம்பும் முன் எல்லோரும் கழிப்பறை போய்விட்டு, பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். கடற்கரையில் சுத்தமான கழிப்பறை தேடி அலைவதுதான் பலரைக் காபிக் கடைக்குள் தள்ளுகிறது. பிறகு அடையாறு வழியாகத் திரும்ப பெசன்ட் நகர்.

திரும்பும்போது எட்டு மணிக்கே எழுந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் சாதாரண பஸ் குறையும், கூட்டம் கூடும், குழந்தை தூங்கிவிடும், கை தானாக ஆட்டோவை நிறுத்தும். நடு ஸ்டாப்பில் நிற்காமல் பெசன்ட் நகர் பஸ் நிலையத்துக்கே நடந்து போய் ஏறுங்கள். 29சி போன்ற பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, உட்கார இடம் கிடைக்கும்.